தச்சுப் பட்டறை: வண்டு அடித்த ஆஷ் மரத்தில் வில் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. பக்கத்து வீட்டு ஆஷ் மரத்தை வண்டு அடித்துவிட்டது என்று வெட்டினார்கள். ஆறடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயது மகன் வில்வித்தை பழகுகிறான். அவனுக்கு இதில் வில் செய்யலாமா? மரம் முழுக்க வெள்ளை, வைரமே (நடுவில் இருக்கும் கருத்த மரப்பகுதி) இல்லை.
— ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: தாராளமாகச் செய்யலாம்மா. வைரம் இல்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். தேக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெள்ளை மரம் ஆகாத மரமாகத் தெரியும். ஆஷில் வெள்ளைப் பகுதியே நல்ல வில்லாகும்.

பார்க்க வேண்டியது மரத்தின் ஆண்டு வளையத்தை. வெட்டுமுகத்தைச் சீவி, லேசாக நனைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த துளைப்பகுதியும் கோடையில் வளர்ந்த கெட்டிப்பகுதியும் தனித்தனியாகத் தெரியும். கெட்டிப்பகுதி அகலமாக இருந்தால் நல்ல மரம். நெருக்கமான வளையம், வில்லுக்குப் பேர்போன யூ மரத்துக்குத்தான் சிறப்பு. ஆஷில் வளையம் நெருங்கினால் துளைதான் மிஞ்சும்.

இனி வண்டு. 2002-இல் டெட்ராய்ட், விண்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மரகதப் பச்சை வண்டு வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. நினைத்தால் மனசு ஆறவில்லை. கேடு செய்வது அதன் புழு. பட்டைக்கு அடியில் பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து மேயும், ஆழமாக இறங்காது. நோயில்லாத மரத்தில் பட்டையை உரித்ததும் தெரியும் பரப்பையே வில்லின் முதுகாக, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறம் பார்க்கும் பக்கமாக, வைத்துக்கொள்ளலாம். உங்கள் கட்டையில் அது கூடாது. தடம் விழுந்த இடத்தில் வில் முறியும்.

அதனால் கட்டையை ஆப்பு வைத்துப் பிளந்து, இரண்டு மூன்று வளையம் கீழே இறங்குங்கள். இரு கைப்பிடி இழுப்புக் கத்தி இதற்கு வசதி. கெட்டிப்பகுதியில் சுருள் சுருளாக வரும். துளைப்பகுதியைத் தொட்டதும் கறகறவென்று சத்தம் மாறி, தூளாக உதிரும். அங்கே கத்தியை வைத்துவிட்டு, அந்தத் தூளை மட்டும் சுரண்டி எடுங்கள். அடியில் வழவழப்பாக வரும் வளையம்தான் முதுகு. நுனிக்கு நுனி அந்த ஒரே வளையம் அறுபடாமல் ஓட வேண்டும். அவசரப்படவே கூடாத வேலை இது.

ஒரு சோதனையும் உண்டு. காய்ந்த சிம்பு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். நார்நாராகப் பிய்ந்தால் சரி. பட்டென்று துண்டானால் மரம் நின்றபடியே செத்து நாளாகிவிட்டது; அதில் வில் வேண்டாம்.

ஆஷ் இழுவிசையை நன்றாகத் தாங்கும், அமுக்கத்துக்குத்தான் தளரும். குறுகலாக, உருண்டையாகச் செதுக்கினால் வயிற்றுப்பக்கம் (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழுந்து, வில் கூன் போட்டுவிடும். அகலமாக, தட்டையாகச் செய்யுங்கள். பையனுக்கு 60 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம், 20 பவுண்டு இழுவை (நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை) போதும். செதுக்கும் காலத்தில் ஒருமுறைகூட 20 பவுண்டுக்கு மேல் இழுத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம், மிச்சக் கட்டையை வெளியூருக்கு எடுத்துப் போகாதீர்கள். வண்டு பரவிய பகுதியிலிருந்து ஆஷ் மரத்தை வெளியே கொண்டுபோக கனடாவில் அனுமதி வேண்டும்.

கேள்வி: கடையில் விற்கும் ஆஷ் பலகை வில்லுக்கு ஆகுமா?
— ஒரு வாசகர், மிசிசாகா

பதில்: ஆகும். பலகை முகத்தில் ரேகைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நேராக ஓட வேண்டும். நடுவில் ரேகை விளிம்பைத் தாண்டி வெளியே போகிற பலகையை எடுக்காதீர்கள். கடையில் இருக்கிற அடுக்கையே புரட்டிப் பார்க்கச் சங்கடப்படாதீர்கள். நான் அப்படித்தான் எடுப்பேன்.