வங்கி உள்தணிக்கையாளர் சம்பளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். வங்கிகளில் உள்தணிக்கைப் பணியில் இருப்பவர்கள் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார்கள்? எங்கள் பேராசிரியர் ஒருவர் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் என்கிறார். உறவினர் ஒருவர் இருபது லட்சத்துக்கு மேல் என்கிறார். எது சரி?
(மாணவி, திண்டுக்கல்)

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எந்த வங்கி, எந்தப் படிநிலை என்பதைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது.

முதலில் பொதுத்துறை வங்கிகளைப் பார்ப்போம். இந்தியன் வங்கியோ, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோ, வேறெந்தப் பொதுத்துறை வங்கியோ, எதிலும் உள்தணிக்கையாளருக்கென்று தனிச் சம்பள விகிதம் கிடையாது. தணிக்கைத் துறையில் அமர்ந்திருப்பவரும், கிளையில் கடன் பிரிவைப் பார்ப்பவரும், மண்டல அலுவலகத்தில் கோப்புகளைக் கவனிப்பவரும் ஒரே ஸ்கேலில் (அலுவலர் படிநிலையில்) இருந்தால் அவர்களுடைய அடிப்படைச் சம்பளம் ஒரே அட்டவணைப்படிதான் இருக்கும். இந்த அட்டவணை, இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் அலுவலர் சங்கங்களுக்கும் இடையே 2024 மார்ச் 8ஆம் தேதி கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தின்படி, 2022 நவம்பர் 1 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஸ்கேல் ஒன்று அலுவலரின் அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்கி 85,920 வரை செல்கிறது. ஸ்கேல் இரண்டு 64,820இல் தொடங்கி 93,960 வரையிலும், ஸ்கேல் மூன்று 85,920இல் தொடங்கி 1,05,280 வரையிலும் செல்கின்றன. தலைமை மேலாளர் நிலையான ஸ்கேல் நான்கு 1,02,300இல் தொடங்குகிறது. பொதுமேலாளர் நிலையான ஸ்கேல் ஏழில் அடிப்படை 1,56,500 முதல் 1,73,860 வரை.

கைக்கு வரும் தொகை இதனுடன் நின்றுவிடுவதில்லை. ஸ்கேல் ஒன்று முதல் மூன்று வரை உள்ளவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 26.5 விழுக்காடு சிறப்புப் படியாகக் கிடைக்கிறது. அடிப்படை, சிறப்புப் படி இரண்டின் மீதும் அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் இந்த அகவிலைப்படி, 2025 தொடக்கத்தில் 21 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அந்த அளவை வைத்துக் கணக்கிட்டால், புதிதாகச் சேர்ந்த ஸ்கேல் ஒன்று அலுவலருக்கு வீட்டு வாடகைப் படியைச் சேர்க்காமலேயே மாதம் சுமார் 74,000 ரூபாய் மொத்தச் சம்பளம் வருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்பது லட்சம். உங்கள் பேராசிரியர் சொன்ன தொகை இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கேல் மூன்றில் நுழைபவருக்கு இதே கணக்கில் மாதம் 1,31,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். ஓய்வூதியத் திட்டத்துக்கான பிடித்தம், தொழில் வரி, வருமான வரி ஆகியவை போக மீதிதான் வங்கிக் கணக்கில் விழும் என்பதை மறக்க வேண்டாம். 2010 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அதில் வங்கி தன் பங்காக 14 விழுக்காடு செலுத்துகிறது. இது சம்பளச் சீட்டில் பெரிதாகத் தெரியாவிட்டாலும் உங்களுடைய வருமானம்தான்.

உறவினர் சொன்ன இருபது லட்சம், பொதுத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி உயர்நிலைக்கு வந்தவருக்கோ, தனியார் வங்கியில் பட்டயக் கணக்காளராகவோ தகவல் தொழில்நுட்பத் தணிக்கையாளராகவோ இருந்து அனுபவம் சேர்த்தவருக்கோ பொருந்தும். இருபத்தொரு வயதில் பி.காம். முடித்து வெளியே வருபவருக்குப் பொருந்தாது. மேலும், பொதுத்துறை வங்கியில் நேரடியாக உள்தணிக்கையாளராகச் சேர்வது அரிது. பயிற்சி அலுவலர் தேர்வு எழுதிச் சேர்ந்து, கிளையில் காசாளர் பகுதி முதல் கடன் ஆவணம் வரை எல்லாவற்றையும் சில ஆண்டுகள் பார்த்த பிறகுதான் அந்தத் துறைக்கு அனுப்புவார்கள். அப்படித்தான் அனுப்பவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நகைக் கடன் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று கவுன்ட்டரில் நின்று பார்க்காதவரால், அதில் எங்கே தவறு நடக்கும் என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: என் கணவர் பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் மூன்று மேலாளர். அண்மையில் அவரைக் கிளைப் பொறுப்பிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் துறைக்கு, அதாவது உள்தணிக்கைக்கு, மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறையுமா? இது அவரை ஓரங்கட்டும் ஏற்பாடு என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்வது எங்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது.
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: சம்பளம் குறையாது, அம்மா. அடிப்படை, சிறப்புப் படி, அகவிலைப்படி எதிலும் கைவைக்க முடியாது. கிளை மேலாளர் என்ற பொறுப்புக்காக அவருடைய வங்கி தந்துவந்த சில செலவு ஈடுகள் நிற்கக்கூடும். அது வங்கிக்கு வங்கி வேறுபடும். அதற்கு எதிராக, வெளியூர்க் கிளைகளுக்குத் தணிக்கைக்குச் செல்லும் நாட்களில் பயணச் செலவும் ஹால்ட்டிங் அலவன்ஸும் (வெளியூரில் தங்கும் நாட்களுக்கான படி) கிடைக்கும். மாதத்தில் பெரும்பகுதி சுற்றுப்பயணத்தில் இருக்கும் அலுவலருக்கு இந்தத் தொகை கணிசமாகவே சேரும். ஆனால் அதை வருமானம் என்று எண்ணிக் குடும்ப வரவுசெலவைத் திட்டமிட வேண்டாம். விடுதி, சாப்பாடு, போக்குவரத்து ஆகியவற்றுக்காகவே அது தரப்படுகிறது. தலைமை அலுவலகத்துக்கு மாற்றினால் மறுமாதமே நின்றுவிடும்.

ஓரங்கட்டுதல் என்ற பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வணிக இலக்குகளை எட்டாதவர்களையும், மேலிடத்தோடு ஒத்துப்போகாதவர்களையும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பும் பழக்கம் வங்கிகளில் இருந்ததை மறுப்பதற்கில்லை. அந்தப் பழக்கம் வங்கிக்கே கேடு. 2018இல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் 13,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மோசடி வெளிவந்தபோது, வெளிநாட்டு வங்கிகளுக்குப் பரிவர்த்தனைச் செய்திகளை அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வங்கியின் மையக் கணினி அமைப்போடு இணைக்கப்படாமல் இருந்ததும், ஆண்டுக்கணக்காக எந்தத் தணிக்கையும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதும் நாடு முழுவதும் பேசப்பட்டன.

ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 7ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை, தணிக்கைத் துறையின் தகுதியை உயர்த்தும் வகையில் சில விதிகளை வகுத்தது. உள்தணிக்கைத் தலைவர் கூடுமானவரை மூன்று ஆண்டுகளாவது அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும். வணிகப் பிரிவுகளுக்குக் கீழே அவர் வரக்கூடாது. அவருக்கு வணிக இலக்கு எதுவும் தரக்கூடாது. தணிக்கைப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலத்தை இயக்குநர் குழு வரையறுக்க வேண்டும். சம்பளத்தைப் பொறுத்தவரையில் அந்தச் சுற்றறிக்கை சொல்வது மிக முக்கியமானது: எந்தப் பிரிவைத் தணிக்கை செய்கிறாரோ அந்தப் பிரிவின் இலாபத்தோடு தணிக்கையாளரின் ஊதியம் இணைக்கப்பட்டால் அவருடைய நடுநிலை குலையும், ஆகவே ஊதியக் கொள்கை அதற்கு இடம்தராத வகையில் அமைய வேண்டும் என்கிறது. 2020 ஊதிய ஒப்பந்தத்தில் வந்த செயல்திறன் ஊக்கத்தொகை, உங்கள் கணவரின் நிலையில் உள்ளவர்களுக்கு, வங்கி முழுவதின் செயல்பாட்டு இலாபம் எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பொறுத்து ஐந்து, பத்து, அல்லது பதினைந்து நாள் சம்பளமாக எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதால், அதில் இந்த ஆபத்து இல்லை.

கடுமையாக அறிக்கை எழுதினாலும் மென்மையாக எழுதினாலும் மாதக் கடைசியில் வரும் சம்பளம் மாறாது என்பதே அவருடைய பெரிய பாதுகாப்பு. கிளைப் பொறுப்பில் இருந்து வந்தவர் என்பதால் ஆவணங்களில் உள்ள ஓட்டைகளும், வசூலிக்காமல் விட்ட வட்டியும் கட்டணங்களும் அவர் கண்ணுக்கு எளிதில் படும். இந்தப் பணி அவருக்குப் பதவி உயர்வில் தடையாகுமா என்று அஞ்சினால், அவருடைய வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையில் தணிக்கைப் பணிக்காலம் எப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதை எழுத்து வடிவில் பார்க்கச் சொல்லுங்கள். சக ஊழியர்களின் பேச்சைவிட அது நம்பகமானது.

கேள்வி: சி.ஏ. முடித்திருக்கிறேன். தனியார் வங்கி ஒன்று உள்தணிக்கைத் துறையில் வேலை தருவதாகக் கூறி, ஆண்டுத் தொகையில் ஒரு பகுதி மாறும் ஊதியம் (செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறைவது) என்று குறிப்பிட்டுள்ளது. ஒப்புக்கொள்ளலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தொகையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் வளாகத் தேர்வுகளில் அண்மை ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாயை ஒட்டி இருந்துவருகிறது. அது எல்லாத் துறை நிறுவனங்களும் சேர்ந்த சராசரி என்பதை மனத்தில் கொண்டு, உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தத் தொகையில் வங்கி செலுத்தும் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை ஒதுக்கீடு, காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் அடங்கியிருக்கும். அவற்றையும் மாறும் ஊதியத்தையும் கழித்துவிட்டு மாதந்தோறும் உறுதியாக வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மாறும் ஊதியம் இருப்பதே தவறு என்று கருத வேண்டாம். தனியார் வங்கிகளின் ஊதியம் குறித்து 2019 நவம்பர் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல், உள்தணிக்கை உள்ளிட்ட கட்டுப்பாட்டுப் பணிகளில் இருப்பவர்களுக்கு நிலையான ஊதியமே மிகுந்திருக்க வேண்டும் என்கிறது. அதே சமயம், பின்னாளில் தவறு தெரியவந்தால் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்பதற்காக ஓரளவு மாறும் ஊதியமும் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, அந்த மாறும் பகுதி எதை வைத்து அளக்கப்படும் என்பதைத்தான். தணிக்கைத் திட்டத்தை முடித்த அளவு, அறிக்கையின் தரம், குறைகள் தீர்க்கப்பட்டனவா என்ற பின்தொடர்தல் போன்றவை என்றால் தயங்காமல் சேருங்கள். கடன் வளர்ச்சி, வைப்புத்தொகை திரட்டல் என்று ஏதாவது அதில் இருந்தால், எவ்வளவு பெரிய தொகையானாலும் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

சேர்ந்த பிறகு தகவல் அமைப்புத் தணிக்கைக்கான டிசா (DISA), சிசா (CISA) ஆகிய தகுதிகளில் ஒன்றைப் பெற முயலுங்கள். வங்கிப் பரிவர்த்தனை முழுவதும் கணினிக்கு மாறிவிட்ட இந்தக் காலத்தில், தரவைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த தணிக்கையாளருக்கே சந்தையில் மதிப்புக் கூடுகிறது.

கேள்வி: சேலத்தில் சிறிய தணிக்கை நிறுவனம் நடத்துகிறேன். கன்கரண்ட் ஆடிட்டுக்கு (கிளையின் பரிவர்த்தனைகளை உடனுக்குடன் சரிபார்க்கும் தணிக்கைக்கு) வங்கிகள் தரும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. இதற்கு ரிசர்வ் வங்கி குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயிக்கவில்லையா?
(வாசகர், சேலம்)

பதில்: நிர்ணயிக்கவில்லை. வங்கி மோசடிகளை ஆராய்ந்த கோஷ் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1993இல் இந்த முறை அறிமுகமான பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆயினும் வெளி நிறுவனங்களுக்கான ஊதியத்தை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது. சட்டப்படியான ஆண்டுத் தணிக்கைக்குரிய கட்டண அளவை இதற்குப் பொருந்தாது.

உங்கள் குறையில் முழு நியாயம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மாதக் கட்டணம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் ஒருவர் கிளையில் பன்னிரண்டு நாட்கள் அமர்ந்தால் நாளொன்றுக்கு 1,250 ரூபாய்தான் வருகிறது. அதில் அவருக்கான ஊதியமும், பயணமும், நீங்கள் நேரில் சென்று சரிபார்க்கும் நேரமும், அறிக்கையில் கையெழுத்திடும் பொறுப்பும் அடங்க வேண்டும். இதில் 10 விழுக்காடு வருமான வரிக்காக முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடிக்கப்பட்டு, ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகே சரிக்கட்டப்படுகிறது. இப்படிக் கட்டணத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: அனுபவமில்லாத பயிற்சி மாணவரைக் கிளைக்கு அனுப்பிவிட்டு, சென்ற மாத அறிக்கையிலேயே தேதியை மாற்றிக் கொடுக்கும் நிலை உருவாகும். கோடிக்கணக்கில் கடன் வழங்கும் கிளையைக் கண்காணிக்கும் பணிக்கு மிச்சம்பிடித்த சில ஆயிரங்கள், ஒரேயொரு போலி ஆவணத்தில் பல மடங்காகப் போய்விடும். கட்டணம் கட்டுப்படியாகாத நியமனத்தை மறுத்துவிடுங்கள்; ஏற்றுக்கொண்டுவிட்டால் கட்டணத்துக்கு ஏற்றபடி வேலையைக் குறைக்காதீர்கள். மோசடி வெளிவரும் நாளில் உங்கள் கையெழுத்தை மட்டுமே பார்ப்பார்கள், உங்களுக்குக் கொடுத்த தொகையை யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஸ்டேட் வங்கியிலிருந்து ஓய்வு பெறப்போகிறேன். ஓய்வுக்குப் பின் தணிக்கைப் பணி கிடைக்குமா? எவ்வளவு தருவார்கள்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கிடைக்கும். ஓய்வு பெற்ற தன் அலுவலர்களை ஒப்பந்த அடிப்படையில் கன்கரண்ட் ஆடிட்டர்களாக ஸ்டேட் வங்கி எடுத்துவருகிறது. 2025 அறிவிப்பில், ஓய்வு பெற்றபோது இருந்த படிநிலைக்கு ஏற்ப மாதம் 45,000 ரூபாய் முதல் 80,000 ரூபாய் வரை தொகுப்பூதியம் குறிப்பிடப்பட்டிருந்தது. ஓய்வூதியம் தனியாகத் தொடரும். தொகுப்பூதியம் என்பதால் அகவிலைப்படியோ வேறு படிகளோ இதில் சேராது. இரண்டையும் கூட்டி வருமான வரியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிப்பு உண்டா, எந்த வயது வரை, சொந்த ஊரை ஒட்டிய கிளைகள் கிடைக்குமா என்பவற்றை அடுத்த அறிவிப்பு வந்ததும் பார்த்து விண்ணப்பியுங்கள். கிளை மேலாளராகவோ கடன் பிரிவிலோ தணிக்கையிலோ பணியாற்றிய விவரங்களை ஆண்டு வாரியாக இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் அவற்றைத்தான் கேட்பார்கள்.