ரோலி என்றால் கஞ்சாவா?

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டரில் வேர்ஹவுஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், பிரேக் நேரத்தில் கூட இருப்பவர்கள் ஏதோ தாளில் சுருட்டிப் புகைத்துவிட்டு "ரோலி வேணுமா" என்கிறார்கள், அது கஞ்சாவா, அவர்களோடு நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது வெறும் புகையிலைதான். ரோலி என்றாலும் ரோல்-அப் என்றாலும் ஒன்றுதான், கையால் சுருட்டும் சிகரெட்.

அவர்கள் கையைக் கவனியுங்கள், தெரிந்துவிடும். பவுச்சிலிருந்து, அதாவது புகையிலைப் பையிலிருந்து, நூல்நூலான, லேசாக ஈரம் கோத்த புகையிலையைக் கிள்ளி ரிஸ்லா என்ற மெல்லிய சுருட்டும் தாளில் பரப்புவார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு ஃபில்டர். கட்டைவிரல்களால் உருட்டி, பசை ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினால் முடிந்தது. பழகியவர்கள் காற்றில் நின்றுகொண்டே சுருட்டிவிடுவார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது காசுக்காகத்தான். இங்கே சிகரெட் விலையில் பெரும்பகுதி வரி. ரோலி புகையிலைக்கும் வரி உண்டு, ஆனாலும் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் மலிவு. முன்பு சின்னப் பவுச்சும் கிடைக்கும். 2017 மே மாதத்திலிருந்து 30 கிராமுக்குக் குறைத்து விற்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். கஞ்சாவையும் புகையிலையோடு கலந்து இதே மாதிரி சுருட்டுவார்கள். அதை ஜாயின்ட், ஸ்பிளிஃப் என்பார்கள். தாள் பெரும்பாலும் நீளமாக இருக்கும், நுனியில் ஃபில்டருக்குப் பதில் சுருட்டிய அட்டைத்துண்டு இருக்கும், ஒன்றையே ஆளாளுக்குக் கை மாற்றுவார்கள். வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். கஞ்சா இங்கே சட்டப்படி கிளாஸ் பி வகைப் போதைப்பொருள், கையில் வைத்திருந்தாலே குற்றம். அடுத்த விசாவுக்குப் போடும்போது குற்றப்பதிவு பற்றிக் கேட்பார்கள். அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம்.

அப்புறம், "இது இயற்கையானது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் இதிலும் உண்டு. நைட் ஷிஃப்ட் குளிருக்கு ஓசியில் ஒன்று வாங்கி ஆரம்பித்து, சொந்தமாகப் பவுச் வாங்கும் அளவுக்குப் போன நம் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். "நோ தேங்க்ஸ், ஐ டோன்ட் ஸ்மோக்" என்றால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தாராளமாக நின்று பேசுங்கள்.

ஏற்கெனவே பழக்கம் இருந்தால், நிறுத்துவதற்கு என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) உதவி இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் ஜி.பி.யிடமோ (குடும்ப டாக்டர்) பக்கத்து ஃபார்மசியிலோ கேளுங்கள்.