பெருமாள்புரம் வீட்டுக்கு எந்த மின் கம்பெனி நல்லது?

அண்ணாச்சி, லண்டனில் கம்பெனிகளை ஒப்பிட்டு மாற்றிய பழக்கத்தில் கேட்கிறீர்கள். இங்கே அந்த வேலையே இல்லை. நெல்லையில் வீட்டுக்கு மின்சாரம் தருவது மின்வாரியம் மட்டும்தான். 2024-இல் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறியது, ஊரில் இன்னும் ‘ஈபி’தான்.

இணைப்பு அப்பா பெயரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். முதலில் பெயர் மாற்றுங்கள். வாரிசுச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது எடுத்து வையுங்கள், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

கவனம் வேண்டியது பில்லில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை கிடைக்காது, அந்த யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலைதான். சித்திரை வெயிலில் இரண்டு ஏசி ஓடினால் 500 எல்லாம் சும்மா ஓடிவிடும்.

கேஸில் இண்டேன், பாரத், ஹெச்பி என்று மூன்று உண்டு. ஒரே ஊரில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் விலை மூன்றிலும் ஒன்றுதான். ஆகவே கம்பெனியைப் பார்க்காமல், உங்கள் தெருவுக்கு எந்த ஏஜென்சி தாமதமில்லாமல் கொண்டுவருகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

மாடியில் சோலார் போடுவதானால், நிஜமாகவே தேர்ந்தெடுக்க வேண்டியது அதைப் போடுபவரைத்தான். மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் என்ற வீட்டு சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ₹78,000 மானியம் உண்டு. அதன் இணையதளத்தில் பதிவானவரிடம் போட்டால்தான் அது கிடைக்கும். அட்வான்ஸ் கொடுக்குமுன் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.