எழுபது பவுண்டு வில் எதற்கு?

அன்புள்ள அக்கா,

நான் பிட்ஸ்பர்க் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன இலையுதிர்காலத்தில் அலுவலக நண்பர்களின் மான் வேட்டைக்குத் துணையாகப் போனேன். இந்த ஆண்டு பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். இனி ஒரு காம்பவுண்ட் வில் வேண்டும். ஆயிரம் டாலர் ஒதுக்கியிருக்கிறேன். 70 பவுண்டு இழுவிசை, விநாடிக்கு 340 அடி வேகம் என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். இழுக்கச் சிரமமாகத்தான் இருந்தது, பழகிவிடும் என்கிறார்கள். என் உயரம் ஐந்தடி ஆறங்குலம். மேத்யூஸ் கம்பெனி வில்லை வாங்கலாமா, ஹாய்ட் கம்பெனி வில்லை வாங்கலாமா? ஒரே அம்பில் யானையையும் புலியையும் வீழ்த்திய வல்வில் ஓரியின் மண்ணில் பிறந்துவிட்டு, பலம் குறைந்த வில்லை எடுக்க மனம் வரவில்லை. ஊருக்குப் போகும்போது அதைக் கொண்டுபோகலாமா? வீட்டில் அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பாவம் என்கிறாள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று பயிற்சித் திடலிலிருந்து எரிச்சலோடு வீடு திரும்பியிருந்தேன். அங்கே ஓர் இளைஞர் வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முதுகை வளைத்து, பல்லைக் கடித்து நாணை இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற நண்பர்கள் கைதட்டினார்கள். வந்து பார்த்தால் உங்கள் கடிதத்திலும் அதே எழுபது பவுண்டு.

மேத்யூஸ், ஹாய்ட் இரண்டும் நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களின் முதல்தர வில்லை வாங்கினால் உங்கள் பணம் அதிலேயே தீர்ந்துவிடும். சென்ற ஆண்டு மாடல் போதும். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியக் காடுகளில் வேட்டைக்கு இடமில்லை. ஓரியையும் விட்டுவிடுங்கள். அது புலவர் ஒரு வள்ளலுக்குச் செய்த மரியாதை. அதை வைத்துக் கடையில் வில் வாங்கக் கூடாது.

காம்பவுண்ட் வில்லின் உயிர் இரு முனைகளிலும் இருக்கும் கேம் என்ற கோணல் சக்கரங்கள்தான். மிசோரிக்காரரான ஹோலஸ் வில்பர் ஆலன் சக்கரம் வைத்த வில்லுக்கு 1966இல் காப்புரிமை கேட்டு 1969இல் பெற்றார். நாணை இழுக்கத் தொடங்கியதும் பாரம் விறுவிறுவென்று உச்சத்துக்கு ஏறும். பிறகு சக்கரங்கள் திரும்பிக்கொள்ள, பாரம் சட்டென்று இறங்கிவிடும். 80 சதவீதத் தளர்வு உள்ள 60 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். மாட்டுவண்டி பாலத்து மேட்டில் ஏறுவதைப் போல, அந்த உச்சியைக் கடப்பதில்தான் முழுச் சிரமமும் இருக்கிறது.

அந்த உச்சியை நீங்கள் எங்கே கடக்கப்போகிறீர்கள் என்று யோசித்தீர்களா? கடையில் கதகதப்பாக, காலை ஊன்றி நின்று இழுத்தீர்கள். நவம்பரில் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருப்பீர்கள். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கோட்டு. விடியுமுன் ஏறியதிலிருந்து அசையாமல் இருந்ததால் தோள் விறைத்திருக்கும். இருபது கஜத்தில் ஒரு பெண்மான் தலையைத் தாழ்த்தி மேயும். ஒரு காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அப்போது வில்லை அரை அடி தூக்கினாலும் எல்லாம் முடிந்தது. சில நேரம் முழுக்க இழுத்தபின் மான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். நாணை மெல்ல இறக்கியாக வேண்டும். அந்த உச்சியை மறுபடி தாண்டும்போது எழுபது பவுண்டு உங்கள் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஆகவே கடைக்குப் போய் ஒரு முக்காலியில் உட்காருங்கள். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். அம்பைப் பூட்டி, இலக்குக்கு நேராக வில்லைப் பிடித்து, மேலே தூக்காமல் மெதுவாக இழுங்கள். ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அதே நிதானத்தோடு இறக்குங்கள். உடம்பு குலுங்கினால் ஐந்து பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள். மறுபடி குலுங்கினால் மறுபடி குறையுங்கள். கடைக்காரர் சிரித்தால் வேறு கடைக்குப் போங்கள். 50இலிருந்து 60 பவுண்டு வரை திருகி மாற்றக்கூடிய வில் உங்களுக்குச் சரியாக வரும் என்பது என் ஊகம்.

நான் எய்வது 46 பவுண்டு வில்லால். கனமான அம்பு, நன்றாகத் தீட்டிய, இரண்டு அலகு கொண்ட, மடங்காத நிலைமுனை. பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் விரியும் முனைகள் விரிவதற்கே விசையைச் செலவழிக்கும். குறைந்த இழுவிசைக்கு அவை வேண்டாம். இருபது கஜத்தில் என் அம்பு மானின் இரு நுரையீரல்களையும் துளைத்து மறுபுறம் மண்ணில் குத்தி நிற்கிறது. நம் மாநிலமான பென்சில்வேனியாவின் சட்டம் கேட்பதே 35 பவுண்டுதான்.

340 அடி என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் (ஏறத்தாழ 23 கிராம்) எடையுள்ள மெலிந்த அம்பு ஆகியவற்றை வைத்து அளந்த எண் அது. இரு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, அங்குலக் கணக்கை இரண்டரையால் வகுங்கள். அதுதான் நீங்கள் நாணை இழுக்கும் நீளம். உங்கள் உயரத்துக்கு இழுப்பு நீளம் ஏறத்தாழ இருபத்தாறரை அங்குலம் வரும். வேட்டைக்குரிய கனமான அம்பையும் பூட்டினால், 60 பவுண்டில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 260 அடி. கவலை வேண்டாம். நாண் எழுப்பும் ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. எந்த அம்பும் அதை முந்தாது. ஓசை கேட்ட மான் துள்ளி ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கிக் குனியும். நாற்பது கஜத்தில் அதற்கு மூன்றில் ஒரு விநாடி கிடைக்கிறது. இருபது கஜத்தில் அதில் பாதிதான். முப்பது அடி வேகத்தைக் கூடுதலாக விலைகொடுத்து வாங்கினாலும் நாற்பது கஜத்தில் மிச்சமாவது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. பொறுத்திருந்து மானைக் கிட்டே வரவிடுங்கள், தம்பி. அதற்குக் காசு வேண்டாம்.

எங்கள் பக்கத்து வீட்டு முதியவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இரத்தத் தடம் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தவர். ஓர் அக்டோபர் காலையில் அவருடைய உறவுக்காரப் பையன் கதவைத் தட்டினான். கையில் எழுபது பவுண்டு வில். உட்கார்ந்தபடி இழுக்க வராமல் வானத்தை நோக்கித் தூக்கியிருக்கிறான். மான் பார்த்துத் திரும்பிவிட்டது. கை நடுங்க அவசரமாக விட்டிருக்கிறான். முதியவர் அம்பை வாங்கி மோந்தார். நுரையீரலில் பட்டால் இளஞ்சிவப்பு நுரை இருக்கும். ஈரலென்றால் கருஞ்சிவப்பு. இந்த அம்பில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது, சாணி நாற்றம் அடித்தது. “வயிறு. மாலை வரை யாரும் காட்டுக்குள் போகக் கூடாது” என்றார். துரத்தினால் அது எழுந்து மைல்கணக்கில் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

பொழுது சாயும்போது போனோம். ஒரு சொட்டு தெரிந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிளையில் மாட்டுவார். அடுத்த சொட்டு கிடைக்கும்வரை அங்கிருந்து யாரும் நகரக் கூடாது. பல இடங்களில் அவர் முழங்காலில் தவழ்ந்துபோய் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மான் படுத்து எழுந்த இடங்கள் அங்கங்கே இருந்தன. இரவு வெகுநேரம் கழித்து ஓடைக்கரையில் கண்டோம். அன்று பகல் முழுக்க அது பட்ட பாட்டுக்கு ஒரே காரணம், அந்தப் பையனுக்கு அவன் தோளுக்கு ஏற்றதைவிட இருபது பவுண்டு அதிகமாக விற்றிருந்தார்கள் என்பதுதான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

உங்கள் மனைவி பாவம் என்று சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். நானும் இறைச்சி உண்பவள்தான், வேட்டைக்காக வெட்கப்படுபவளும் இல்லை. ஆனால் நாணை விடுமுன் அந்தச் சொல் உங்கள் காதில் இருக்கட்டும். சரியாகப் பட்ட மான் நூறு கஜத்துக்குள் சில விநாடிகளில் விழுந்துவிடும். அப்படிப் படாது என்று தோன்றினால் எய்யாமல் இறங்கி வாருங்கள்.

வில்லுக்கு அறுநூறு டாலருக்கு மேல் போகாதீர்கள். மீதியில் அம்புகள், முனைகள், நாணைப் பிடித்து விடும் கொக்கியான ரிலீஸ், முக்கியமாகப் பரணில் பூட்டிக்கொள்ளும் உடல்வார். பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர்கள் இந்த மாநிலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தரையில் கால் இருக்கும்போதே பூட்டுங்கள். ஏறியபின் பூட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேண்டாம். உடல்வார் வாங்கியதும் எழுதுங்கள், பரணை எந்த மரத்தில் கட்டுவது என்று பேசுவோம்.

அன்புடன்,
அக்கா