கேட்டரிங் மட்டுமா, உணவுத்துறை முழுவதுமா? தனி ஆலோசகர் எங்கே எல்லை வகுப்பது

வாசகர் கேள்வி: சிங்கப்பூரின் செனோக்கோவில் உள்ள ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்குகிறேன். உணவுப் பாதுகாப்பு ஆலோசகர் என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதா, கேட்டரிங் நிறுவனங்களுக்கு எச்ஏசிசிபி (உணவில் ஆபத்து எங்கே வரலாம் என்று முன்கூட்டியே கண்டு தடுக்கும் முறை) ஆவணம் தயாரித்துத் தருவதோடு நின்றுவிடுவதா?

பதில்: கேட்டரிங் என்ற வட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆவணம் மட்டும் என்ற வரம்பை விட்டுவிடுங்கள். யாருக்கு, எதை என்ற இரண்டையும் ஒருசேரக் குறுக்கினால், சிங்கப்பூரளவு சந்தையில் எஞ்சும் வாடிக்கையாளர்களை வைத்து ஒருவர் பிழைப்பது கடினம்.

ஆவணத்தை ஒரு நிறுவனம் பெரும்பாலும் ஒரு முறைதான் வாங்கும். கேட்டரிங் நிறுவனம் உணவுப் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் ஒன்றைச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் தர வேண்டியிருப்பதால் அப்போது உங்களை அழைப்பார்கள். திட்டம் கோப்புக்குள் போனதும் உங்கள் வேலையும் முடிந்துவிடும். உண்மையான தலைவலி அதன் பிறகுதான் தொடங்குகிறது. பகல் 12 மணி விருந்துக்கான பிரியாணியைக் காலை 7 மணிக்கே இறக்கிவிட்டு, 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைக்கவும் வழியில்லையென்றால், சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற வரம்பு பரிமாறும் முன்பே கடந்துவிடுகிறது. வெப்பநிலைப் பதிவேட்டைத் திறந்தால் நாள் முழுவதற்குமான எண்கள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். சமையல் வரிசையை மாற்றியமைப்பது, புதிதாக வந்த ஊழியருக்குப் பதிவேட்டைப் பழக்குவது, உணவுப் பட்டியல் மாறும்போது திட்டத்தைத் திருத்துவது ஆகிய வேலைகள் திரும்பத் திரும்ப வருபவை. மாதக் கட்டணம் கேட்க நியாயம் இருப்பதும் இவற்றில்தான். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழுக்கான தர மேலாண்மை முறையும் எச்ஏசிசிபி அணுகுமுறையை ஒட்டியே அமைந்திருப்பதால், அதற்கான கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும் உங்கள் அனுபவத்துக்கு அயலானதல்ல.

முடிவெடுக்கும் முன், நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடிய கேட்டரிங் நிறுவனங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முப்பது பெயர்கூடத் தேறவில்லையென்றால் மத்திய சமையற்கூடங்களையும் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் சிக்கல் ஏறத்தாழ இதுவே.

குறுகிய வட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. உங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஒரே திருமண ஒப்பந்தத்துக்கு இருவர் விலைப்புள்ளி கொடுத்திருக்கக்கூடும். ஒருவரின் மசாலா அளவு, பொருள் வாங்கும் இடம், விலை ஆகியவை இன்னொருவர் காதுக்குப் போகாது என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த தொழில் இது. பரிந்துரை எவ்வளவு வேகமாகப் பரவுமோ, வாய் நீளம் என்ற பெயரும் அவ்வளவு வேகமாகப் பரவும்.

இடையில் ஒரு பேக்கரி உரிமையாளர் அழைத்தால் மறுக்க வேண்டாம்; உங்களுக்குத் தெரிந்த வேலையென்றால் செய்து கொடுங்கள். ஆனால் அதற்காகப் பெயரட்டையில் உடனே ஒரு வரியைச் சேர்த்துவிடாதீர்கள். நீங்கள் தேடிப் போகாமலே இரண்டாவது, மூன்றாவது பேக்கரியும் வந்தால், அப்போது சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.