பதில்: மாலையில் கொக்கிப்புழு முட்டை தெரியாதது ஏன்?
விக்டோரியா ஏரிக்கரைப் பள்ளிகளில் ஷிஸ்டோசோமா என்ற இரத்தக்குழாய்ப் புழுவையும் குடலில் வாழும் கொக்கிப்புழுவையும் சேர்த்துக் கணக்கெடுப்பதாகவும், மாலையில் ஸ்லைடைப் பார்த்தால் கொக்கிப்புழு முட்டையே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மருந்து வேலை செய்துவிட்டது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். மலத்தைப் பரப்பிப் புழு முட்டைகளை எண்ணும் காட்டோ-காட்ஸ் ஸ்லைடில் இருக்கும் கிளிசரின், ஓடு மெல்லிய அந்த முட்டைகளை மறைத்துவிடும். தயாரித்த 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். ஷிஸ்டோசோமா மான்சோனி என்ற வகையின் முட்டை அப்படியில்லை, மறுநாளும் பக்கவாட்டு முள்ளோடு தெளிவாகத் தெரியும்.

அதனால் மைக்ராஸ்கோப்பைப் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொக்கிப்புழுவை அங்கேயே எண்ணிவிடுங்கள். அதே ஸ்லைடை அப்புறம் ஆய்வகத்தில் ஷிஸ்டோசோமாவுக்குப் பார்க்கலாம். மல மாதிரியை வெயிலில் விடாதீர்கள். ஸ்லைடு தயாரித்த நேரத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள். இதுவரை எடுத்த மாலைக் கணக்கில் கொக்கிப்புழு எண்ணிக்கையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அதை நம்பிப் பிள்ளைகளுக்கு கொக்கிப்புழு மருந்தான அல்பெண்டசோலை நிறுத்திவிடக்கூடாது.