மனித உரிமை எல்லோருக்கும் பொதுவா? வாசகர் கேள்விகள் சிலவற்றுக்குப் பதில்

மனித உரிமைகள் உலகம் முழுவதற்கும் பொருந்துமா என்று கேட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் கோபமாகவே எழுதியிருந்தார்கள். கோபத்தில் விஷயம் இருக்கிறது என்பதால் அந்தக் கேள்விகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 1948இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம் மேற்கத்திய நாடுகள் எழுதி மற்றவர்கள் தலையில் கட்டியது. அதை எப்படி உலகப் பொது என்பது?

பாதி சரி. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் வாக்கெடுப்பு நடந்தபோது ஐ.நா.வில் இருந்ததே 58 நாடுகள்தான். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அப்போது யாராவது ஒருவரின் காலனி. அந்த மக்களைக் கேட்காமலேயே ‘உலகம்’ என்று எழுதிவிட்டார்கள் என்ற குறை நியாயமானது. ஒரு பண்பாட்டின் அளவுகோலை மற்றவற்றின் மேல் சுமத்தாதீர்கள் என்று 1947இலேயே அமெரிக்க மானிடவியல் சங்கம் எச்சரித்தது. (1999இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துப் புதிய அறிக்கை வெளியிட்டது தனிக்கதை.)

மீதிப் பாதிதான் இடிக்கிறது. காலனி வைத்திருந்தவர்களுக்கு இந்த ‘எல்லோருக்கும்’ என்பது பிடிக்கவே இல்லை. தங்கள் ஆட்சிமுறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்று 1941 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம் சொன்னது. அதை வெளியிட்ட இருவரில் ஒருவரான பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில், நாங்கள் மனதில் வைத்தது நாஜிகள் பிடித்த ஐரோப்பிய நாடுகளைத்தான் என்று விளக்கம் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் விடவில்லை. அதே சாசனத்தைக் கையில் எடுத்து, ‘அப்படியானால் எங்களுக்கும்தான்’ என்று 1943இல் தன் கோரிக்கைகளை எழுதியது.

பிரகடனத்தின் 2ஆம் பிரிவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இனம், நிறம், பால், மொழி, மதம் என்று பட்டியல் போடும் முதல் பத்தியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாவது பத்தி, ஒருவர் வாழும் பகுதி சுதந்திர நாடாக இருந்தாலும் சரி, ஐ.நா. பொறுப்பாட்சியில் இருந்தாலும் சரி, தன்னாட்சி இல்லாததாக இருந்தாலும் சரி, பாகுபாடு கூடாது என்கிறது. காலனியில் இருப்பவருக்கும் இதே உரிமை என்பதுதான் அதன் பொருள். இரண்டே வருடம் கழித்து ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட மனித உரிமை ஒப்பந்தத்தில் நேர்மாறாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: காலனிகளுக்கு இது தானாகப் பொருந்தாது, ஆளும் நாடு விரும்பி அறிவித்தால்தான் பொருந்தும், அப்போதும் ‘உள்ளூர்த் தேவைகளை’க் கணக்கில் கொள்ள வேண்டும். ‘அவர்கள் பண்பாடு வேறு’ என்ற வாதத்தை முதலில் சட்ட வாசகமாகவே எழுதி வைத்தவர்களில் ஐரோப்பியர்களும் உண்டு. இதை ஏனோ யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பிரகடனத்தின் வரைவுக் குழுவிலும் அமெரிக்காவின் எலினோர் ரூஸ்வெல்ட் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. சீனாவின் பி.சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், சிலியின் எர்னான் சாந்தா குரூஸ் என்று பலர் சண்டை போட்டார்கள். முதல் பிரிவில் கடவுளைக் கொண்டுவரப் பிரேசில் முயன்றபோது, எங்கள் மக்களின் மரபு வேறு என்று தடுத்தவர் சாங். திருமணத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று வாதாடியவர் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ரமுல்லா. மதம் மாறும் சுதந்திரத்தைச் சவூதி அரேபியா எதிர்த்தது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் குர்ஆனையே மேற்கோள் காட்டி அந்தச் சுதந்திரத்தை ஆதரித்தார். கடைசியில் 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு யாருமில்லை, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவர்களில் நிறவெறி ஆட்சியைக் கட்டிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவும் உண்டு.

ஒரு கருத்து எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி, அது யாருக்குப் பொருந்தும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கிறது.

கேள்வி: இதெல்லாம் பழைய நாகரிகங்களில் ஏற்கெனவே இருந்ததுதானே? பழைய பாரசீக மன்னர் சைரஸின் களிமண் உருளைதான் உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்கிறார்களே?

என்கிறார்கள். அப்படிச் சொல்லிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஈரானின் ஷா. 1971இல் பாரசீக முடியாட்சிக்கு 2500 ஆண்டு விழா எடுத்தபோது அந்த உருளையைச் சின்னமாக்கி, ஒரு நகலை ஐ.நா.வுக்கும் கொடுத்தார். அவருடைய ரகசியப் போலீஸ் எதிர்ப்பாளர்களைச் சித்திரவதை செய்துகொண்டிருந்த காலம் அது. உருளையில் இருப்பது பாபிலோனைப் பிடித்த மன்னரின் புகழுரை: தெய்வங்களைத் திரும்பக் கோயில்களில் வைத்தேன், மக்களை ஊர் திரும்ப வைத்தேன் என்கிறது. நல்ல அரசர், சரி. ஆனால் அவர் தராமல் போனால் குடிமகன் எங்கே போய்க் கேட்பது? இரக்கமும் செங்கோலும் எல்லாப் பழைய மரபிலும் உண்டு. ஆள்பவரின் கருணையை நம்பாமல் ‘இது எனக்குச் சேர வேண்டியது’ என்று கேட்க முடிவதுதான் உரிமை.

மேற்கும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. 1789இல் மனிதரின் உரிமைகளைப் பிரகடனம் செய்த பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைகளை வைத்திருந்தது. ஹெய்ட்டியில் அடிமைகளே 1791இல் கிளர்ந்தெழுந்த பிறகுதான், 1794இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பவும் கொண்டுவந்தார்.

கேள்வி: ‘ஆசிய விழுமியங்கள்’ என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்களே, அது என்ன ஆயிற்று?

1990களில் சிங்கப்பூரின் லீ குவான் யூவும் மலேசியாவின் மகாதீரும் முன்வைத்த வாதம் அது. தனிமனிதனைவிடக் குடும்பமும் சமூகமும் பெரிது, ஒழுங்கு இருந்தால்தான் வளர்ச்சி, மேற்கின் உரிமைப் பேச்சு எங்களுக்கு ஒத்துவராது என்றார்கள். 1993இல் பாங்காக்கில் ஆசிய அரசுகள் கூடி, வட்டாரத் தனித்தன்மைகளையும் வரலாற்றையும் பண்பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அறிக்கை விட்டன.

அதே ஊரில் அதே சமயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசியத் தன்னார்வ அமைப்புகளும் கூடின. பன்மைப் பண்பாட்டை மதிக்கிறோம், ஆனால் பெண்களின் உரிமை உட்பட மனித உரிமைகளைக் குலைக்கும் வழக்கங்களைப் பொறுக்க முடியாது என்று அவை தனி அறிக்கை வெளியிட்டன. இரண்டுமே ஆசியக் குரல்கள். ஒன்று ஆள்பவர்களுடையது, மற்றது அந்த ஆட்சியின் கீழ் வாழ்பவர்களுடையது. அடுத்த ஆண்டு லீயின் பேட்டி ஒன்றுக்கு நீண்ட மறுப்பு எழுதியவரும் ஓர் ஆசியர்தான்: தென்கொரியாவின் கிம் டே ஜுங். 1980இல் ராணுவ ஆட்சி மரண தண்டனை விதித்துப் பிறகு தப்பிப் பிழைத்தவர், 1998இல் அதிபரானார். அதற்குச் சற்று முன் வந்த 1997 ஆசிய நிதி நெருக்கடியோடு ‘ஆசிய விழுமியங்கள்’ பேச்சின் மவுசும் குறைந்தது.

கேள்வி: ஒரு சமூகத்தின் வழக்கம் தவறு என்று சொல்ல வெளியாளுக்கு என்ன உரிமை?

இதற்குப் பெண் உறுப்புச் சிதைப்பை, அதாவது சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கத்தை வைத்துத்தான் பேச வேண்டும். மிகக் கடினமான உதாரணம் அதுதான்.

கென்யாவில் 1929இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் இந்த வழக்கத்தை விடச் சொல்லித் தங்கள் சபையினரை வற்புறுத்தினார்கள். கிகூயு மக்களிடையே அது காலனி எதிர்ப்பின் அடையாளமாகவே மாறிப்போனது. 1956இல் அதே நாட்டின் மேரு பகுதியில் காலனி நிர்வாகத்தின் பின்பலத்தோடு தடை வந்தது. பருவப் பெண்கள் தடையை மீறி ஒருவருக்கொருவர் தாங்களே பிளேடால் செய்துகொண்டார்கள். தடுக்க வந்தவர்கள் யார் என்பதே அங்கே வழக்கத்தைக் கெட்டிப்படுத்திவிட்டது.

இப்போது செனகலுக்கு வாருங்கள். 1997இல் மலிக்குண்டா பம்பரா என்ற கிராமத்துப் பெண்கள், எழுத்தறிவு, உடல்நலம், உரிமைகள் பற்றிய வகுப்பில் நீண்ட காலம் பேசி முடித்த பிறகு, இனி எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இதைச் செய்யமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். உடனே வேறொரு சிக்கல் தெரிந்தது. வெட்டாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற நிலையில் ஒரு குடும்பமோ ஒரு ஊரோ தனியாக விட முடியாது. கொண்டு கொடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்துதான் விட வேண்டும். இதைச் சொன்னவர் பக்கத்து ஊர் இமாம் ஒருவர். உறவு ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பேசியதும் அவர்தான். தடைச் சட்டம் 1999இல் வந்தது. அதாவது கிராமங்கள் முந்திக்கொண்டன.

2003இல் பெண்களின் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மபூட்டோ நெறிமுறை இதைத் தடை செய்யச் சொன்னது. 2012இல் ஐ.நா. பொதுச்சபையில் இதற்கு எதிரான தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்ததும் ஆப்பிரிக்க நாடுகளே. 2024இல் காம்பியாவில் தடையை நீக்க மசோதா வந்தது. அது எங்கள் மதம், எங்கள் பண்பாடு என்றார்கள். இதை அனுபவித்த காம்பியப் பெண்களே எதிர்த்து நின்றார்கள், ஜூலையில் மசோதா தோற்றது.

ஆக, வெளியாள் பேசலாமா என்றால் பேசலாம் என்பேன். ஆனால் உள்ளே ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ‘எங்கள் பண்பாடு’ என்று யாராவது சொன்னால் நான் பார்ப்பது, சொல்பவரின் உடல் மேல் கத்தி படுகிறதா என்பதைத்தான்.

கேள்வி: உரிமை பொது என்றால், ஒரே விஷயத்துக்கு வெவ்வேறு தீர்ப்பு வருவது எப்படி?

வரத்தான் செய்கிறது. பொது இடங்களில் முகத்தை மறைக்கக் கூடாது என்று 2010இல் பிரான்ஸ் சட்டம் போட்டது. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ‘சேர்ந்து வாழ்வதற்கு’ அது தேவை என்ற பிரெஞ்சு வாதத்தை ஏற்றுச் சட்டத்தை நிற்க விட்டது. 2018இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதே சட்டம் மதச் சுதந்திரத்தை மீறுகிறது என்றது. என்னைக் கேட்டால் ஐ.நா. குழு சொன்னதுதான் சரி. சேர்ந்து வாழ்வது என்ற பெயரில் அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது பெரும்பான்மையின் பழக்கத்தை, வேறொன்றுமில்லை.

இதே நீதிமன்றம் 1978இல் உறுதியாக இருந்தது. பிரிட்டனைச் சார்ந்த ஐல் ஆஃப் மேன் தீவில் 15 வயது மாணவனுக்கு நீதிமன்ற உத்தரவின்படி போலீஸ் நிலையத்தில் பிரம்படி. தீவு மக்கள் அதை விரும்புகிறார்கள், உள்ளூர்த் தேவை என்று வாதம் வைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒப்பந்தத்தில் இருப்பதாக முன்னே சொன்ன அதே காலனிப் பிரிவு! நீதிபதிகள் ஏற்கவில்லை, இழிவுபடுத்தும் தண்டனை என்றார்கள். அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் அளப்பவர்கள் மனிதர்கள். கொலைக்குத் தண்டனை எவ்வளவு என்பதில் நாடுகள் மாறுபடுவதால் கொலை சரியாகிவிடாது.

கேள்வி: உரிமை உரிமை என்கிறீர்கள், கடமையைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

இருக்கிறது. பிரகடனத்தின் 29ஆம் பிரிவு, ஆப்பிரிக்க நாடுகள் 1981இல் ஏற்ற மனித உரிமைச் சாசனத்தின் 27 முதல் 29 வரை. பேசுங்கள், ஆனால் கடமையை முடித்தவனுக்குத்தான் உரிமை என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். எந்தக் கடமையும் செய்யாத குற்றவாளியையும் சித்திரவதை செய்யக் கூடாது.

கேள்வி: பசித்தவனுக்குப் பேச்சுச் சுதந்திரம் எதற்கு? வளர்ச்சி முதலில் என்று சீனா சொல்வதில் என்ன தவறு?

வறுமையைக் குறைத்ததில் தவறே இல்லை. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தருகிறோம் என்பதில்தான் சிக்கல், அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. 1966இல் ஐ.நா. இரண்டு உடன்படிக்கைகள் கொண்டுவந்தது. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு, மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு. முதலாவதில் 1998இல் கையெழுத்திட்ட சீனா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. இரண்டாவதில் 1977இல் கையெழுத்திட்ட அமெரிக்காவும் இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு இதுதான் முழுசு என்கிறார்கள். பசியும் பேச்சும் தனித்தனி இல்லை என்பதற்கு பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் காட்டிய ஆதாரம் போதும்: தேர்தலும் சுதந்திரமான பத்திரிகைகளும் செயல்படும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. சாவுச் செய்தி வெளியே வந்தால் அரசு ஓடியாக வேண்டும். சீனாவில் 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது, கீழே இருந்த அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள், கேட்பார் இல்லை.

கேள்வி: புட்டினுக்கு ஒரு நியாயம், நெதன்யாகுவுக்கு ஒரு நியாயம். இதற்குப் பிறகும் ‘பொது’ என்று பேச வெட்கமாக இல்லையா?

வந்த கேள்விகளிலேயே கனமானது இது. 2023 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் புட்டினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது நியாயம்தான் என்றார் அன்றைய அமெரிக்க அதிபர் பைடன். 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்குப் பிறப்பித்தபோது அதே பைடன் அது அநியாயம் என்று கொதித்தார். அடுத்து வந்த டிரம்ப் நீதிமன்றத்தின் மேலேயே தடை விதித்தார். எந்தப் பிரசாரமும் செய்ய முடியாத சேதத்தை இவர்கள் செய்துவிட்டார்கள். மறுபுறமும் பாருங்கள்: 2022 அக்டோபரில் சீனாவின் சின்ஜியாங் பகுதி உய்குர் மக்களின் நிலை பற்றி விவாதிக்கலாமா என்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வாக்கெடுப்பு வந்தது. 17 ஆதரவு, 19 எதிர்ப்பு, 11 பேர் ஒதுங்கல். விவாதிக்கவே கூடாது என்று முடிந்தது.

ஆனால் ‘இவனுக்கு ஒரு நியாயம் அவனுக்கு ஒரு நியாயம்’ என்று கோபப்படும்போது நீங்கள் கேட்பது என்ன? இருவருக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்பதுதானே? பொது அளவுகோலே இல்லை என்பவர் இந்தக் கோபத்தைப் பட முடியாது. அவருக்கு அது வெறும் பலப்பரீட்சை.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பிரகடனத்தையே படியுங்கள், மொத்தம் 30 பிரிவுகள், அரை மணி நேரம் ஆகாது. கூடவே ஆப்பிரிக்க சாசனத்தையும் வைத்துக்கொண்டு எது கூடுதல், எது குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1993இல் வியன்னாவில் நடந்த உலக மனித உரிமை மாநாட்டு அறிக்கையின் 5ஆம் பத்தி. வட்டாரத் தனித்தன்மைகளை மனதில் கொள்ள வேண்டும் என்பதும், அரசியல், பண்பாடு எதுவானாலும் உரிமைகளைக் காப்பது அரசின் கடமை என்பதும் அங்கே ஒரே வாக்கியத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இரு தரப்பும் அதையே தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகிறார்கள்.